திரும்பி வராத கீரை

2025 அக்டோபர் இறுதியில், அமெரிக்காவில் வசிக்கும் நண்பர் ஒருவர் நமக்கு ஓர் அறிவிப்பை அனுப்பியிருந்தார். அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்டது. முருங்கை இலைப் பொடி கலந்த சில பசும்பொடிகளை யாரும் உண்ண வேண்டாம், வாங்கியவர்கள் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் அல்லது குப்பையில் எறிந்துவிடலாம் என்பது அதன் சாரம். சால்மொனெல்லா என்னும் பாக்டீரியாவின் ரிச்மண்ட் என்ற வகை 7 மாநிலங்களில் 11 பேரைப் பீடித்திருந்தது. மூவர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது, உயிரிழப்பு இல்லை. விசாரணை பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்து, ராஜஸ்தான் மாநிலத்து ஜோத்பூரிலிருந்து ஏற்றுமதியான முருங்கைப் பொடியின் ஒரே ஒரு லாட்டில் முடிந்தது. நண்பர் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: "முருங்கைக்கீரையையும் திரும்பக் கூப்பிடுகிறார்கள், பார்த்தீர்களா?"

முதலில் சிரிப்புத்தான் வந்தது. கொல்லையில் ஒரு முருங்கை இல்லாத வீடு கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அபூர்வம். கேட்டால் ஒடித்துக் கொடுப்பார்கள். அதற்குக் காசு வாங்குவதில் இன்னும் ஒரு கூச்சம் மிச்சமிருக்கிறது. அந்தக் கீரைக்கு ஒரு லாட் எண், ஒரு காலாவதித் தேதி, ஒரு பன்னாட்டு விசாரணை என்பதெல்லாம், ஊரைவிட்டே நகராத பாட்டிக்குப் பாஸ்போர்ட் எடுத்ததுபோல் இருந்தது. சிரித்து முடித்த பிறகு 'திரும்பக் கூப்பிடுதல்' என்ற சொல் மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. பெயர் உள்ளதைத்தானே கூப்பிட முடியும்? நாம் அன்றாடம் உண்ணும் கீரைக்குப் பெயர் உண்டா? அரைக்கீரை, சிறுகீரை என்ற இனப்பெயரைச் சொல்லவில்லை. எந்தக் கொல்லை, எந்தத் தண்ணீர், எந்த நாள் அறுப்பு என்று சொல்லும் பெயர். இந்தக் கேள்வியோடு கடலூரிலும் சிதம்பரத்திலும் சில நாட்கள் அலைந்ததன் விளைவே இக்கட்டுரை.

திருப்பாதிரிப்புலியூரில் பான்பரி மார்க்கெட்டை அறியாத கடலூர்க்காரர் இருக்க முடியாது. விடியற்காலையில் அங்கே கீரைக்கட்டுகள் வந்து இறங்கும்போது ஒரு மணம் எழும். ஈரமண்ணும் பச்சையும் கலந்த மணம். வாழைநாரால் கட்டிய கட்டுகள். சாக்கை விரித்து அடுக்கி, பிளாஸ்டிக் வாளியிலிருந்து கையால் அள்ளித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் கேட்டோம்.

"இது எந்த ஊருக் கீரைம்மா?"

"எந்த ஊரா இருந்தா என்னங்க, இன்னிக்கு அறுத்ததுதான்."

"நேத்து வித்த கட்டுல ஏதாச்சும் கோளாறுன்னு தெரிஞ்சா, திரும்ப வாங்கிக்க முடியுமா?"

அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து வித்த கீரை இந்நேரம் எங்க போயிருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா சாமி?" என்றார். பக்கத்தில் கத்தரிக்காய் விற்றவர் வாய்விட்டுச் சிரித்தார்.

விளையாட்டாகச் சொன்னாலும் அந்த அம்மாள் சொன்னதுதான் இந்த விஷயத்தின் ஆணிவேர். கீரை ஓரிரு நாளில் உண்டு முடிக்கப்படும் பொருள். அதிலிருந்த நுண்ணுயிர் வயிற்றில் வேலையைக் காட்டச் சில நாட்கள் ஆகும். நோயாளி மருத்துவரிடம் போய், மலப் பரிசோதனை நடந்து, ஆய்வுக்கூடம் வகையைக் கண்டறிந்து, வேறு ஊர்களில் இதே வகை தென்பட்டதா என்று ஒப்பிட்டு முடிப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அதற்குள் கீரை எங்கே இருக்கும்?

இருந்தும் அமெரிக்கர்கள் 2006இல் அதைத் தேடிப் பிடித்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 14 அன்று, பையில் அடைத்த ஸ்பினாச் கீரையை எவரும் உண்ண வேண்டாம் என்று அரசு அறிவித்தது. மறுநாள் கலிபோர்னியாவைச் சேர்ந்த நிறுவனம் தன் பைகளைத் திரும்பப் பெறத் தொடங்கியது. ஈ.கோலை ஓ157 என்னும் பாக்டீரியாவால் 200 பேருக்கு மேல் நோயுற்றனர், மூவர் இறந்தனர். நோயாளிகளின் குளிர்பெட்டிகளில் மிஞ்சிக் கிடந்த பைகளை அதிகாரிகள் சேகரித்தார்கள். அவற்றின்மேல் 'பி227ஏ' என்று ஒரு குறி இருந்தது. ஆண்டின் 227ஆம் நாள், அதாவது ஆகஸ்ட் 15, குறிப்பிட்ட ஆலை, குறிப்பிட்ட வேளை. அந்தக் குறியைப் பிடித்துக்கொண்டே போய், சான் பெனிட்டோ மாவட்டத்தில் ஒரு மேய்ச்சல் பண்ணையை ஒட்டிய வயலை அடைந்தார்கள். அங்கே மாட்டுச் சாணத்திலும் காட்டுப்பன்றியின் எச்சத்திலும் அதே வகை கிருமி இருந்தது. அது கீரைக்கு எப்படித் தாவியது என்பது மட்டும் கடைசிவரை உறுதியாகவில்லை. (ஸ்பினாச்சைப் பலர் பசலை என்று மொழிபெயர்க்கிறார்கள். நம் பசலை கொடியாகப் படர்வது, முற்றிலும் வேறு இனம். நாம் பாலக் என்று வாங்குகிறோமே, அதுதான் ஸ்பினாச்சுக்கு நெருங்கிய உறவு. தலைவியின் மேனியில் படரும் பசலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.)

ஒரு மாதத்துக்கு முன் அறுத்த இலையை ஒரு வயல்வரை பின்தொடர முடிந்ததற்குக் காரணம் அந்த ஐந்து எழுத்துகள்தாம். அவை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. 2018 வசந்தத்தில் ரொமெய்ன் என்னும் லெட்டூஸ் வகையால் அமெரிக்காவில் 210 பேர் நோயுற்று ஐவர் இறந்தனர். அரிசோனாவின் யூமா வட்டாரத்து வாய்க்கால் நீரில் அந்தக் கிருமி கண்டறியப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் நோய் தலைகாட்டியபோது, எந்த வட்டாரத்து இலை என்று பைகளில் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆகவே நாட்டிலுள்ள எல்லா ரொமெய்னையும் எறிந்துவிடுங்கள் என்றே அரசு சொல்ல வேண்டியிருந்தது. நன்றி நவிலும் திருநாளுக்கு இரண்டு நாட்கள் முன்பு! எங்கோ ஒரு வயலின் குற்றத்துக்கு எல்லா வயல்களும் தண்டம் கட்டின. அதன் பிறகே அறுவடை வட்டாரத்தைப் பையில் அச்சிடும் வழக்கம் அங்கே வந்தது.

ஜெர்மனியின் கதை இன்னும் கொடியது. அதில் நமக்குப் பழக்கமான ஒரு பொருளும் வருகிறது. 2011 மே மாதம் ஹாம்பர்க் நகரத்தைச் சுற்றி ஈ.கோலையின் புதிய வகை ஒன்று பரவியது. ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்மீது அதிகாரிகள் பழி போட்டார்கள். ஸ்பெயின் விவசாயிகள் விளைந்ததை விற்க வழியின்றி அழித்தார்கள். பிறகுதான் தெரிந்தது, வெள்ளரி குற்றமற்றது. முளைகட்டிய வெந்தயமே காரணம், அதன் விதை எகிப்திலிருந்து 2009இல் வந்த ஒரு சரக்கு. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் வீடுகளில் வெந்தயம் எண்ணெயில் பொரியாமலோ குழம்பில் கொதிக்காமலோ இலைக்கு வருவது அருமை. ஐரோப்பியர் அதை முளைகட்டிப் பச்சையாக உண்டார்கள்.

ஆக, அடையாளம் இல்லாத இடத்தில் சந்தேகத்தின் வட்டம் விரிந்துகொண்டே போகிறது. கடலூர்க்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் தனக்குச் சொந்தம் என்று எல்லை போட்டுக்கொண்டது. குண்டுகிராமம் என்றே பெயர் நின்றது. கணக்கு இல்லாத இடத்தில் குண்டு போய் விழுந்த இடம்தான் எல்லை.

கடலூரில் 'மாசுபட்ட உணவு' என்று பேச்செடுத்தால் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது உப்பனாற்றங்கரையில் 1980களில் எழுந்த சிப்காட் ஆலைகள். அதற்கு நியாயம் உண்டு. ஆனால் அந்த மாசுக்கு நாற்றம் உண்டு, நிறம் உண்டு, குடிகாடு போன்ற ஊர்களில் அதை எதிர்த்துப் பேசும் மனிதர்களும் உண்டு. நாம் சொல்லவரும் மாசுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை, கட்சியும் இல்லை.

அது இந்த மாவட்டத்துக்குப் புதியதும் அல்ல. 1817இல் வங்காளத்தில் பெருகிய காலரா மறு ஆண்டே சென்னை மாகாணத்தை எட்டியது. அதற்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது வந்து போகாத தலைமுறை இல்லை. நம் பாட்டிமார் அதை வாந்திபேதி என்றார்கள். பெயரைச் சொல்லவே அஞ்சியவர்களும் உண்டு. மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் 1871இல் தென்னிந்தியக் காலராவைப் பற்றித் தனி நூலே எழுதினார். நோய் யாத்திரை வழிகளில் நகர்வதை ஆங்கில அதிகாரிகள் கவனித்திருந்தார்கள். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்திரா தரிசனத்துக்கும் மக்கள் வெள்ளமாகத் திரளும் சிதம்பரம் போன்ற ஊர்கள் அவர்கள் கண்ணுக்குப் பக்தியின் இடங்களாக மட்டும் தெரியவில்லை. ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டுகாட்டிய பிறகு, கிணறுகளுக்குப் பெர்மாங்கனேட், யாத்திரிகர்களுக்கு ஊசி, தற்காலிகக் கழிப்பிடங்கள் என்று திருவிழாச் சுகாதாரம் ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. ராஜாஜி அமைச்சரவையில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதாரத் துறையைக் கவனித்த காலத்தில் இயற்றப்பட்ட 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே அவ்வகையில் முதலாவது. சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் அதில் தனி இடம் கொடுத்திருந்தார்கள். வெட்டி வைத்த பழத்தையும் ஈ மொய்த்த பண்டத்தையும் கைப்பற்றிக் குழியில் கொட்டும் சுகாதார ஆய்வாளரைப் பழைய தலைமுறையினர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கைப்பற்றி அழிப்பது கண்முன் இருப்பதை மட்டுமே தொடும். விற்றுப்போனதை அது தொடாது. திரும்பப் பெறுதல் என்பது விற்றுப்போனதன் பின்னால் ஓடுவது. நம் சட்டங்களும் வழக்கங்களும் முன்னதை நன்கு அறிந்திருந்தன. பின்னதைக் கற்பனை செய்யவே இல்லை. 1918இல் சென்னை மாகாணத்திலும் 1954இல் நாடு முழுமைக்கும் வந்த சட்டங்களின் பெயரிலேயே 'கலப்படத் தடுப்பு' இருந்தது. கலப்படம் என்ற சொல் ஒரு கலப்படக்காரரை முன்கூட்டியே நிறுத்திக்கொள்கிறது: பாலில் தண்ணீர் ஊற்றுபவர், மிளகில் பப்பாளி விதை சேர்ப்பவர். வாய்க்கால் தண்ணீரில் வந்து இலையின் அடியில் ஒட்டிக்கொள்ளும் கிருமியை யாரும் கலக்கவில்லை. அதற்குக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த ஆள் கிடையாது.

இன்னொரு சொல்லும் நம்மிடம் இருந்தது, தீட்டு. அதைப் பற்றி மழுப்பாமல் சொல்லிவிடுவது நல்லது. நம் முன்னோர் உணவின் தூய்மையில் அலட்சியமாக இருந்தவர்கள் அல்லர். மிகையான அக்கறையே கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த அக்கறை, யார் தொட்டார் என்பதைக் கேட்டது. எந்தத் தண்ணீர் தொட்டது என்று கேட்கவில்லை. நந்தனாரை வாசலிலேயே நிறுத்திய கதையை உடைய ஊர் சிதம்பரம். தொட்ட கையை இத்தனை நுட்பமாக விசாரித்த ஒரு சமூகம், தொட்ட நீரைப் பற்றி அதில் பத்தில் ஒரு பங்கு விசாரித்திருந்தால் எத்தனையோ திருவிழாக்கள் சாவில்லாமல் முடிந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இந்த இடத்தில் வள்ளலாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823இல் பிறந்தவர். கீரைகளைப் பற்றி அவர் அளவுக்குப் பரிவோடு எழுதிய துறவி வேறொருவர் தமிழில் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் அன்றாட வாழ்வுக்கு உரியவை என்று போற்றினார். மூலிகைகளின் குணங்களை அட்டவணையாகவே எழுதி வைத்தார். அவரது நித்திய கரும விதியில் கீரைக்கு இருக்கும் மதிப்பு வெந்நீருக்கும் இருக்கிறது. பச்சைத் தண்ணீரை விலக்கிக் காய்ச்சிய நீரையே பருகச் சொன்னார். அவர் 1874இல் மறைந்தார். கோக் கிருமியைக் கண்டது அதற்குப் பத்தாண்டுகள் கழித்து. இதைச் சொன்னதும் நம்மவர்கள் சிலர் 'பாக்டீரியாவை அன்றே அறிந்தார் எம் அடிகள்' என்று கிளம்பிவிடுவார்கள். அந்த ஊர்வலத்தில் நாம் சேரவில்லை. அவர் சொன்னது உடம்பின் சமநிலையைக் கருதி. காரணம் வேறாக இருந்தாலும் விளைவு நல்லதாக அமைந்தது, அவ்வளவே.

1867 மே மாதம் வடலூரில் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பது ஊரறிந்த செய்தி. நாம் போன அன்றும் எரிந்துகொண்டுதான் இருந்தது. சாதி கேளாமல் எல்லோருக்கும் ஒரே சோறு. எல்லாமே கொதித்து இறங்கியது. அந்த அடுப்பின் முன்னால் நின்றபோது, கடலூர் அம்மாளிடம் கேட்ட கேள்விக்கான பதில் பாதி கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. கீரையைத் திரும்பப் பெறும் ஏற்பாடு நமக்கு ஏன் தேவைப்படவில்லை? இந்த அடுப்பினால்தான். கீரையைக் கடைந்தோம், மசித்தோம், பருப்போடு வேகவைத்தோம், புளியில் கொதிக்கவிட்டோம். ஈ.கோலையும் சால்மொனெல்லாவும் 70 பாகை செல்சியஸைத் தாண்டிய சூட்டில் சில நிமிடங்கள்கூடத் தாங்குவதில்லை. எந்தக் கொல்லையிலிருந்து வந்தாலும், எந்த வாளித் தண்ணீர் பட்டிருந்தாலும், கீரைச்சட்டி எல்லாவற்றையும் விசாரணையின்றி மன்னித்துவிட்டது. முகவரி தேவைப்படவில்லை.

சிக்கல், கீரை அடுப்பை விட்டு வெளியேறும்போது தொடங்குகிறது. முருங்கைப் பொடியின் கதை அதுதானே. உலர்த்தினால் கிருமி சாகும் என்று நினைப்போம். சால்மொனெல்லா வறட்சியில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நம் கொல்லையில் சட்டிக்குப் போகவேண்டிய இலை, பொடியாகிக் கடல் கடந்து குளிர்ந்த பழச்சாற்றில் கலக்கப்படுகிறது. அங்கே மட்டும் என்று எண்ண வேண்டாம். சில்வர் பீச்சில் விடிகாலையில் நடக்கிறவர்களையே எடுத்துக்கொள்வோம். நடைக்காரர்கள் கூடும் ஊர்களிலெல்லாம் அருகம்புல் சாறும் வல்லாரைச் சாறும் விற்க ஆள் வந்துவிட்டார்கள். நகரத்து உணவகங்களில் லெட்டூஸ் இலை வந்துவிட்டது. கொத்தமல்லியைக் கிள்ளித் தூவுவது எப்போதும் உள்ளதுதான். தூவிய பிறகு அது எந்தச் சூட்டையும் காண்பதில்லை.

நம் நண்பர்களில் ஒருவர் வீட்டுத் திருமணம் பல ஆண்டுகளுக்கு முன் சிதம்பரத்தில் நடந்தது. மறுநாள் உறவினர்களில் பாதிப்பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தார். பழி முதலில் மண்டபத்துத் தண்ணீர்மேல் விழுந்தது, பிறகு மோர்மேல், பிறகு சமையல்காரர்மேல். கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டுதான் அவரை அனுப்பினார்கள். அவர் ஒன்றும் பேசாமல் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு போனார். வதக்காமல் அரைத்த புதினாத் துவையல் ஒன்று இலையில் இருந்ததும், அதைத் தொடாதவர்கள் பெரும்பாலும் எழுந்து நடமாடிக்கொண்டிருந்ததும் பிற்பாடு ஆற அமரப் பேசும்போதுதான் நினைவுக்கு வந்தன. அது வெறும் ஊகமே. புதினா எங்கிருந்து வந்தது என்று அன்று எவரும் கேட்கவில்லை; கேட்டிருந்தாலும் பதில் சொல்ல எவருமில்லை. சமையல்காரரின் பாதிக் கூலி இன்றும் நம் நண்பரை உறுத்துகிறது.

பச்சையாகவே உண்ணும் இலைகளில் நமக்கு மிக நெருக்கமானது வெற்றிலை. கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணத்து வெற்றிலைக்கு இருக்கும் பெயர் அனைவரும் அறிந்தது. 2025இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. சோழவந்தானுக்கும் ஆத்தூருக்கும் 2023இலேயே கிடைத்தது. இதே வெற்றிலைதான் ஐரோப்பாவில் சால்மொனெல்லாவுக்காகப் பலமுறை பிடிபட்டது. 2014 பிப்ரவரியில் வங்காளதேச வெற்றிலையை ஐரோப்பிய ஒன்றியம் முழுமையாக நிறுத்தியது. அந்தத் தடை ஆண்டுகணக்கில் நீட்டிக்கப்பட்டது. 2016 பிப்ரவரியில் இந்திய வெற்றிலைக்கும் தனி நிபந்தனைகள் வந்தன: ஒவ்வொரு சரக்கோடும் ஆய்வு முடிவும் அரசுச் சான்றிதழும் இணைக்க வேண்டும். லண்டனிலும் பாரிஸிலும் தாம்பூலம் வைக்க வெற்றிலைக்கு அலையும் ஈழத்து, தமிழகத்துக் குடும்பங்கள் இதன் பின்னணியை அறிந்திருக்க வாய்ப்பில்லை. இங்கேயும் அதே பீரங்கிக் குண்டுதான். எந்தக் கொடிக்கால் என்று தெரியாததால் ஒரு நாடே வட்டத்துக்குள் வந்தது. புகழுக்காக இலைக்குப் பெயர் சூட்ட நமக்குத் தெரிந்திருக்கிறது. பொறுப்புக்காகச் சூட்டத்தான் தயக்கம்.

சட்டமும் தயங்குகிறது, அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டம் 28ஆம் பிரிவில் திரும்பப் பெறுதலைப் பேசுகிறது. 2017இல் அதற்கென விதிமுறைகளே வந்தன. இடையில் 2015இல் மாகி நூடுல்ஸ் நாடெங்கும் திரும்பப் பெறப்பட்டபோது, அச்சொல் முதன்முறையாக நம் மளிகைக்கடைகளை எட்டியது. அது ஈயத்தைப் பற்றிய வழக்கு, கிருமியைப் பற்றியதன்று. ஆனாலும் பாக்கெட்டுக்கு எண் இருந்தது, அதனால் கூப்பிட முடிந்தது. அதே சட்டம் விவசாயியையும் மீனவரையும் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. விவசாயியின் கையில் இருக்கும்வரை கீரை சட்டத்தின் பொருளில் உணவே ஆகாது; பிறர் கைக்கு மாறிய கணத்தில்தான் உணவாகிறது. அதாவது, கிருமி இலையில் ஏறக்கூடிய வயலைச் சட்டம் பார்க்காது. தெளிக்கும் வாளியோடு உட்கார்ந்திருக்கும் அம்மாளைப் பார்க்கும்.

அதற்காக அந்த அம்மாளின் கட்டுகளில் பட்டைக்குறி ஒட்டச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 2006க்குப் பிறகு கலிபோர்னியாவில் வாங்குவோர் விதித்த கெடுபிடிகளால் வயலோரப் புதர்களைக்கூட அழிக்க வேண்டிவந்தது. சிறு பண்ணைகள் திணறின. இங்கே அப்படி ஒரு விதி வந்தால் பான்பரி மார்க்கெட்டில் முதலில் காலியாகும் சாக்கு அவருடையதாகத்தான் இருக்கும். 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளில் விவசாயிக்கு அடையாள அட்டை கொடுத்தார்களே, இடைத்தரகரை விலக்குவதற்காக வந்த அந்த ஏற்பாடு, நமக்குத் தெரிந்தவரை, கீரைக்கு முகவரி கொடுக்க இந்த மண்ணில் நடந்த ஒரே முயற்சி. அதைச் செய்தவர்களே அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

வேறு வழியும் உலகில் உண்டு. 1970இல் ஜெருசலேமில் காலரா பரவியது. சாக்கடை நீர் பாய்ச்சி வளர்த்துப் பச்சையாக உண்ணப்பட்ட காய்கீரைகள் அதைச் சுமந்தன என்று தெரிந்ததும் அந்தப் பாசனத்தை நிறுத்தினார்கள்; நோய் அடங்கியது. சிலி நாட்டின் தலைநகர் சாந்தியாகோவில் டைபாய்டு ஆண்டாண்டாக நீங்காமல் இருந்தது. 1991இல் காலரா அச்சத்தில் கழிவுநீர்ப் பாசனத்தைத் தடை செய்ததும் டைபாய்டும் சேர்ந்து சரிந்தது. அங்கே எவரும் ஒவ்வோர் இலையாகத் துரத்திக்கொண்டு ஓடவில்லை, வாய்க்காலைத் திருப்பினார்கள். நகராட்சிகள் தத்தம் கழிவுநீரை என்ன செய்கின்றன என்ற கேள்விதான் கீரையைப் பற்றிய கேள்வியும். அதை ஒரு கீரைக்காரம்மாவிடம் கேட்பதில் பொருளில்லை என்பது நமக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

ஊர் திரும்பும் முன் மஞ்சக்குப்பத்தில் நண்பரின் அத்தை வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டோம். முளைக்கீரை மசியல். பேச்சு இதைப் பற்றித் திரும்பியது. 2024 டிசம்பர் முதல் வாரத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கரைபுரண்ட நாட்களை அத்தை நினைவுகூர்ந்தார். வாசலுக்கு வாடிக்கையாக வரும் கீரைக்காரம்மா நான்கு நாள் வரவில்லையாம். ஐந்தாம் நாள் வெறுங்கூடையோடு வந்திருக்கிறார்.

"வெள்ளத்துக்கு மொத நாள் ஒரு கட்டு கொடுத்தேனே, ஆக்கிட்டீங்களாக்கா?"

"அது அன்னைக்கே ஆயிடுச்சு. ஏன் கேக்கற?"

"இல்ல, மிச்சம் இருந்தா கொட்டிடுங்க. எங்க கொல்லையில மறுநாளு சாக்கடத் தண்ணி ஏறிடுச்சு. மொத நாளே ஏறியிருக்குமோன்னு மனசு கேக்கல. அதான் கொடுத்த வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டு வரேன்."

எத்தனை வீடு என்று கேட்டதற்கு, அந்தத் தெருவில் ஒன்பது, பின்தெருவில் நாலு என்றாராம். அத்தை காபி கொடுத்திருக்கிறார். அவர் நின்றுகொண்டே குடித்துவிட்டு, பின்தெரு வீடுகள் இன்னும் பாக்கி என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.